ஆஃப்-கிரிட் மின் அமைப்பை மேம்படுத்துதல்: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது, எந்த வரிசையில் முடிவெடுப்பது

பொது மின்கட்டமைப்போடு தொடர்பில்லாமல், சோலார் பேனல், பேட்டரி, இன்வெர்ட்டர் ஆகியவற்றை மட்டுமே நம்பி இயங்கும் வீட்டில் விடியற்காலையில் மின்சாரம் நின்றுபோகத் தொடங்கினால், பழி பெரும்பாலும் பேட்டரியின் மீதுதான் விழுகிறது. பேட்டரி பழசாகிவிட்டது, இன்னும் இரண்டு வாங்கிச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். சில வேளைகளில் அது சரியான முடிவாகவும் இருக்கலாம். ஆனால் பேட்டரி நிறையாமல் போனதற்குக் காரணம் பேனலின் போதாமைதான் என்றால், புதிதாக வாங்கியவையும் அரைவயிற்றோடு கிடந்து, பழையவை கெட்ட வழியிலேயே கெட்டுப்போகும். ஆகவே எந்த உறுப்பு தடையாக இருக்கிறது என்பதை அளந்து அறிந்த பிறகே எதை வாங்குவது என்ற பேச்சுக்கு வர வேண்டும். கீழ்க்காணும் படிகளும் அதே வரிசையில் அமைந்துள்ளன.

முதல் படி: செலவாகும் மின்சாரத்தை அளத்தல்

ஒவ்வொரு கருவியின் மீதும் அச்சிட்டிருக்கும் வாட் அளவைக் கூட்டிக் கணக்கிடுவது தொடக்கத்துக்கு உதவும். முடிவெடுக்க அது போதாது. ஃப்ரிட்ஜின் கம்ப்ரசர் ஓடி ஓடி நிற்பது. மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதை நினைவிலிருந்து சரியாகச் சொல்ல யாராலும் முடிவதில்லை. பிளக்கில் செருகும் எனர்ஜி மீட்டர் ஒன்றை ஃப்ரிட்ஜுடன் இணைத்து, குறைந்தது ஒரு முழு நாள், முடிந்தால் ஒரு வாரம் விட்டுவைத்தால் அது உண்மையில் எத்தனை வாட்-மணி எடுக்கிறது என்பது தெரிந்துவிடும். மற்ற பெரிய கருவிகளுக்கும் இவ்வாறே செய்யலாம்.

அமைப்பு முழுவதையும் அளக்க, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளில் ஷன்ட் (மின்னோட்டத்தை அளக்க உதவும் சிறு மின்தடை) பொருத்திய பேட்டரி மானிட்டரே சிறந்த வழி. பேட்டரிக்குள் போகும் ஆம்பியரையும் வெளியே வரும் ஆம்பியரையும் அது தனித்தனியே எண்ணிக் காட்டும். எதையும் வாங்கும் முன் முதலில் வாங்க வேண்டியது எது என்று கேட்டால், பேனலையோ பேட்டரியையோ அல்ல, இந்த மானிட்டரைத்தான் சொல்வேன். மற்ற உறுப்புகளின் விலையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. தவறான பெரிய செலவுகளைத் தடுப்பதும் இதுவே.

அளக்கும்போது பலரும் விட்டுவிடும் ஒரு செலவு உண்டு. எந்தச் சுமையும் இல்லாதபோதும் இன்வெர்ட்டர் தன் இயக்கத்துக்கென மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கிறது. அது 40 வாட் என்றால், 24 மணி நேரத்தில் 960 வாட்-மணி, அதாவது ஏறத்தாழ ஒரு யூனிட். சிறிய அமைப்புகளில் மொத்தச் செலவில் கால் பங்கு இப்படி யாருக்கும் பயன்படாமல் போவது அரிதல்ல.

இரண்டாம் படி: குறை எங்கே என்று கண்டறிதல்

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். 1,200 வாட் பேனல், 24 வோல்ட் 400 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரித் தொகுதி, 2,000 வாட் இன்வெர்ட்டர் கொண்ட வீடு. அளந்து பார்த்ததில் நாளொன்றுக்கு 4,000 வாட்-மணி செலவாகிறது. விடியற்காலையில் குறைந்த வோல்டேஜ் எச்சரிக்கை ஒலித்து, இன்வெர்ட்டர் அணைந்துவிடுகிறது.

பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு 24 × 400, அதாவது 9,600 வாட்-மணி. ஈய அமில பேட்டரியின் ஆயுளைக் கருதி அதில் பாதியை மட்டுமே பயன்படுத்துவதாகக் கொண்டாலும் 4,800 வாட்-மணி கிடைக்கிறது. நிறைந்த பேட்டரியாக இருந்தால் ஓர் இரவைத் தாண்ட இது தாராளம். இப்போது உற்பத்தியைப் பார்ப்போம். ஒரு நாளின் வெயில் முழுவதையும் உச்ச வெயிலாகச் சுருக்கிக் கணக்கிடும் 'உச்ச வெயில் மணி' நான்கு என்று வைத்துக்கொண்டு, வெப்பம், தூசி, கேபிள், பேட்டரி, இன்வெர்ட்டர் ஆகியவற்றின் இழப்புகளுக்காக 0.7ஆல் பெருக்கினால், 1,200 × 4 × 0.7 = 3,360 வாட்-மணிதான் கையில் கிடைக்கும். மேகமூட்டமான மாதத்தில் உச்ச வெயில் மணி மூன்றாகக் குறைந்தால் 2,520. செலவோ 4,000. நல்ல மாதத்திலேயே நாள்தோறும் 640 வாட்-மணி துண்டு விழுகிறது.

இந்த வீட்டில் பேட்டரியை இரட்டிப்பாக்கினால் அணையும் நேரம் சில நாட்கள் தள்ளிப்போகும், அவ்வளவே. வரவு மாறாதவரை பள்ளம் தூராது. அதோடு, ஈய அமில பேட்டரி முழுதாக நிறையாமல் வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் ஈய சல்ஃபேட் படிகங்கள் இறுகி, கொள்ளளவு திரும்பி வராத அளவுக்குக் குறைந்துவிடும். ஈய அமில பேட்டரிகள் மிகுதியாகப் பயன்படுத்தப்படுவதால் சாவதைவிட, நிறையாமல் கிடப்பதால் சாவதே அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு மாறான நிலைமையும் உண்டு. நண்பகலுக்கு முன்பே பேட்டரி நிறைந்து, பேனலின் மின்சாரத்தைச் சீர்செய்து பேட்டரிக்கு அனுப்பும் சார்ஜ் கன்ட்ரோலர், நிறைந்ததைக் காத்துவைக்க மட்டும் சிறிதளவு மின்சாரம் விடும் மிதவை நிலைக்குப் போய்விடுகிறது. ஆனாலும் நள்ளிரவில் மின்சாரம் தீர்ந்துவிடுகிறது என்றால், குறை சேமிப்பில்தான். அப்போதும் பேட்டரி சிறியதா, பழுதானதா என்று பிரித்தறிய வேண்டும். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரியாக இருந்தால், முழுதாக சார்ஜ் செய்து, சில மணி நேரம் ஓயவிட்டு, ஒவ்வொரு செல்லிலும் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்க்கவும். நிறைந்த செல் ஏறத்தாழ 1.265 அடர்த்தி காட்டும். எல்லாச் செல்களும் ஒரே அளவில் சற்றுக் குறைந்திருந்தால் நீண்ட சார்ஜும் ஈக்வலைசேஷனும் (சற்றுக் கூடுதல் வோல்டேஜில் சார்ஜ் செய்து செல்களைச் சமப்படுத்துவது) அவற்றை மீட்கக்கூடும். ஒரே ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.05 அளவுக்குத் தாழ்ந்து நின்றால், அந்தச் செல்தான் தொகுதி முழுவதையும் கீழே இழுக்கிறது. மூடப்பட்ட பேட்டரிகளுக்கு இந்தச் சோதனை இயலாது. அளவு தெரிந்த ஒரு சுமையைக் கொடுத்து, எத்தனை ஆம்பியர்-மணியில் வோல்டேஜ் சரிகிறது என்று மானிட்டரில் பார்ப்பதே வழி.

மூன்றாவது வகைக் குறை, மோட்டாரோ ஃப்ரிட்ஜோ ஓடத் தொடங்கும் அந்த நொடியில் மட்டும் இன்வெர்ட்டர் அணைவது. இது ஆற்றல் குறைவல்ல. அந்த நொடிக்கான திறன் போதாமை, அல்லது மெல்லிய கேபிளிலும் தளர்ந்த இணைப்பிலும் வோல்டேஜ் விழுவது. அந்த நொடியில் பேட்டரி முனையிலும் இன்வெர்ட்டர் முனையிலும் வோல்டேஜை அளந்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். பேட்டரியில் 24.5 இருந்து இன்வெர்ட்டரில் 22.5 மட்டுமே வந்தால், கோளாறு இடையில் உள்ள கேபிளிலோ, கேபிள் நுனியில் பொருத்தும் உலோக முனையான லக்கிலோ, ஃப்யூஸ் பிடிப்பிலோ இருக்கிறது. புதிய இன்வெர்ட்டர் வாங்கினாலும் அது தீராது.

மூன்றாம் படி: தேவையைக் குறைத்தல்

மேலே சொன்ன வீட்டுக்கே திரும்புவோம். 40 வாட் எடுத்துக்கொண்டிருந்த இன்வெர்ட்டருக்குப் பதிலாக 15 வாட் எடுக்கும் ஒன்று வந்தால் நாளுக்கு 600 வாட்-மணி மிச்சம். நாளொன்றுக்கு 1,500 வாட்-மணி எடுத்த பழைய ஃப்ரிட்ஜுக்குப் பதிலாக 700 எடுக்கும் ஒன்று வந்தால் மேலும் 800 மிச்சம். ஆக 4,000 என்றிருந்த தேவை 2,600 ஆகிறது. மோசமான மாதத்தின் 2,520 வரவுக்கு இது கிட்டத்தட்ட ஈடாகிவிட்டது. இன்னும் ஒரு பேனல்கூடச் சேர்க்கவில்லை.

இதோடு செலவின் நேரத்தையும் நகர்த்தலாம். துணி துவைப்பது, தண்ணீர் ஏற்றுவது, இஸ்திரி போடுவது ஆகியவற்றை வெயில் உச்சத்தில் வைத்துக்கொண்டால், அந்த மின்சாரம் பேட்டரிக்குள் போய்த் திரும்பும் இழப்பு இல்லாமல் பேனலிலிருந்து நேராகவே வந்துவிடும். மேல்நிலைத் தொட்டியை நண்பகலில் நிரப்பி வைப்பதும் ஒருவகைச் சேமிப்பே. தண்ணீரையும் அறையையும் சூடாக்கும் வேலைகளைக் கூடுமானவரை மின்சாரத்திலிருந்து விலக்கிவிடுவது நல்லது; சூரிய வெந்நீர்க் கலன் இருக்கும்போது, வெயிலை மின்சாரமாக்கி, அதைச் சேமித்து, மீண்டும் வெப்பமாக்குவதில் பொருளில்லை.

நான்காம் படி: அமைப்பின் வோல்டேஜை முடிவுசெய்தல்

பேனல், பேட்டரி, இன்வெர்ட்டர் எதை வாங்குவதாக இருந்தாலும் அதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும். பின்னால் மாற்றினால் இன்வெர்ட்டர், நேர்மின் (டிசி) பிரேக்கர்கள், சில வேளைகளில் கன்ட்ரோலர் வரை அனைத்தையும் மாற்ற வேண்டியிருக்கும்.

3,000 வாட் சுமைக்கு 12 வோல்ட்டில் 250 ஆம்பியர், 24 வோல்ட்டில் 125 ஆம்பியர், 48 வோல்ட்டில் 62.5 ஆம்பியர் தேவை; இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடும். கேபிளில் வீணாகும் வெப்பம் ஆம்பியரின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்ப வளர்வதால், வோல்டேஜை இரட்டிப்பாக்கினால் அதே கேபிளில் இழப்பு நான்கில் ஒன்றாகிவிடும். 1,000 வாட் வரை 12 வோல்ட், 3,000 வாட் வரை 24 வோல்ட், அதற்கு மேல் 48 வோல்ட் என்பது நடைமுறையில் பின்பற்றப்படும் பொது விதி. வருங்காலத்தில் 3,000 வாட்டைத் தாண்டக்கூடும் என்ற எண்ணம் இருந்தால், இப்போதே 48 வோல்ட்டுக்கு மாறிவிடுவதையே பரிந்துரைக்கிறேன். பழைய 12 வோல்ட் விளக்குகளும் சிறு கருவிகளும் இருந்தால், அவற்றுக்கென வோல்டேஜைக் குறைத்துத் தரும் ஒரு டிசி-டிசி கன்வெர்ட்டர் வைத்துக்கொள்ளலாம். தொடராக இணைத்த பேட்டரிகளில் நடுவே ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் உருவி எடுப்பது கூடாது. அந்தப் பேட்டரி மட்டும் தொடர்ந்து குறைந்து, தொகுதியின் சமநிலையே கெட்டுவிடும்.

ஐந்தாம் படி: உற்பத்தியைப் பெருக்குதல்

ஆண்டுச் சராசரியை வைத்துக் கணக்கிடாமல், வெயில் மிகக் குறைந்த மாதத்தை வைத்தே கணக்கிட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 2,600 வாட்-மணிக்கு, மூன்று உச்ச வெயில் மணியில், 2,600 ÷ (3 × 0.7), அதாவது சுமார் 1,240 வாட் தேவை. கால் பங்கு கூடுதல் இடைவெளி விட்டால் 1,550 வாட். தேவையைக் குறைக்காமல் 4,000 என்றே விட்டிருந்தால், இடைவெளி ஏதும் இல்லாமலே 1,900 வாட்டைத் தாண்டியிருக்கும்.

புதிய பேனல்களைப் பழையவற்றோடு தொடராக இணைக்க வேண்டாம். தொடர் இணைப்பில் ஆம்பியர் குறைந்த பேனல்தான் வரிசை முழுவதற்கும் வரம்பு வைக்கும். புதியவற்றுக்கெனத் தனி சார்ஜ் கன்ட்ரோலர் வைத்து, இரண்டையும் ஒரே பேட்டரியில் இணைப்பது தூய்மையான வழி. இரண்டிலும் சார்ஜ் வோல்டேஜ் அளவுகள் ஒன்றாக இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய கன்ட்ரோலர் எளிய பிடபிள்யூஎம் (PWM) வகை என்றால், அதை பேனலின் உச்சத் திறனைத் தேடிப் பிடிக்கும் எம்பிபிடி (MPPT) வகைக்கு மாற்றுவதே ஒரு மேம்பாடு. 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தரும் 100 வாட் பேனலை பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் பேட்டரியின் வோல்டேஜுக்கு இழுத்துவிடுவதால், 13 வோல்ட்டில் சுமார் 72 வாட்தான் பேட்டரிக்குப் போய்ச் சேர்கிறது. எம்பிபிடி அந்த வோல்டேஜ் வேறுபாட்டையும் ஆம்பியராக மாற்றிக்கொடுக்கும்.

எம்பிபிடி கன்ட்ரோலரில் பேனல்களை வரிசையாக்கும்போது ஒரு கணக்கை மட்டும் தவறாமல் போட்டுப் பாருங்கள். 150 வோல்ட் வரம்புள்ள கன்ட்ரோலருக்கு, திறந்த சுற்று வோல்டேஜ் (எதனோடும் இணைக்காதபோது பேனல் காட்டும் வோல்டேஜ்) 49.5 உள்ள மூன்று பேனல்களைத் தொடராக இணைத்தால் 148.5 வோல்ட், பொருந்திவிட்டது போலவே தெரியும். ஆனால் பேனல் அட்டையில் உள்ள அளவு 25 டிகிரி செல்சியஸுக்கானது. சிலிக்கான் பேனலின் வோல்டேஜ் ஒவ்வொரு டிகிரி குளிருக்கும் ஏறத்தாழ 0.3 சதவீதம் உயரும். 5 டிகிரிக்குக் குளிர்ந்த காலையில் வெயில் முதலில் விழும்போது 6 சதவீதம் கூடி, 157 வோல்ட்டைத் தாண்டிவிடும். கன்ட்ரோலரின் உள்ளுறுப்புகள் எரிந்துபோக அந்த ஒரு காலை போதும். அந்த இடத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையைக் கொண்டு கணக்கிட்டு, வரும் வோல்டேஜ் கன்ட்ரோலரின் வரம்புக்குக் கீழே இடைவெளியோடு நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிழலையும் இந்தக் கட்டத்திலேயே தீர்க்க வேண்டும். ஒரு பேனலின் சிறு மூலையில் விழும் நிழல், நிழல் விழுந்த செல்களைச் சுற்றி மின்னோட்டத்தைத் திருப்பிவிடும் பைபாஸ் டையோடின் வழியே அந்தப் பேனலில் மூன்றில் ஒரு பங்கை முழுதாக நிறுத்திவிடக்கூடும். புதிய பேனல் வாங்குமுன் மரக்கிளையை வெட்டுவதும் தகட்டின் தூசியைக் கழுவுவதும் என்ன பலன் தருகின்றன என்று ஒரு வாரம் அளந்து பாருங்கள்.

சூரியனைத் தவிர வேறு மூலங்களில், ஆண்டு முழுவதும் ஓடும் நீரோடை அருகில் இருந்தால் அதைப்போல் சிறந்தது வேறில்லை. நொடிக்கு 5 லிட்டர் நீர் 20 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், பாதித் திறனில் இயங்கும் சிறு டர்பைனே சுமார் 490 வாட் தரும். அது இரவு பகலாக ஓடுவதால் ஒரு நாளில் ஏறத்தாழ 11.8 யூனிட் கிடைக்கும். நம் வீட்டின் பேனல்கள் தருவதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். காற்றாலையின் கதை வேறு. காற்றின் வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒன்றாகிவிடும். கூரை உயரத்தில், மரங்களுக்கு நடுவே வைக்கும் சிறு காற்றாலை பெரும்பாலும் ஏமாற்றமே தரும். ஜெனரேட்டரைப் பொறுத்தவரை, மேகமூட்டம் தொடரும் நாட்களுக்கு அது நல்ல துணை. ஆண்டில் சில நாட்களுக்காகப் பேட்டரியை இரண்டு மடங்காக்குவதைவிட அதை வைத்துக்கொள்வது மலிவு.

ஆறாம் படி: பேட்டரியைத் தேர்ந்தெடுத்தல்

1859இல் காஸ்டன் பிளாண்டே உருவாக்கிய ஈய அமில பேட்டரிக்கு இன்றும் இடமுண்டு: தொடக்கச் செலவு குறைவு, பழுதை எளிதில் அறியலாம், மறுசுழற்சி எளிது. ஆனால் தினமும் ஆழமாகப் பயன்படுத்தும் வீட்டில் இன்று லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியே முன்நிற்கிறது. ஈய அமில வகையில் பாதியளவே எடுக்கலாம். இதில் 80 முதல் 90 சதவீதம் வரை எடுக்கலாம். உள்ளே போட்டதில் ஈய அமிலம் சுமார் 80 முதல் 85 சதவீதத்தைத் திருப்பித் தரும். லித்தியம் 90 சதவீதத்துக்கு மேல் தரும். தவிர, முழுதாக நிறையாமல் கிடப்பதால் இது கெடுவதில்லை. வெயில் நிச்சயமில்லாத இடத்தில் இந்தக் கடைசிப் பண்பையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

விலையை ஒப்பிடும்போது, பேட்டரியின் விலையை அதன் பயன்படும் வாட்-மணியாலும், உற்பத்தியாளர் அந்த ஆழத்துக்கு உறுதியளிக்கும் சுழற்சி (ஒருமுறை தீர்ந்து மீண்டும் நிறைவது) எண்ணிக்கையாலும் வகுத்துப் பாருங்கள். ஈய அமிலத்துக்குச் சில நூறிலிருந்து 1,500 வரை சுழற்சிகள், லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு 3,000 முதல் 6,000 வரை என்பது வழக்கமான அளவு.

லித்தியத்துக்கு மாறுபவர்கள் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. உறைநிலைக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக்கூடாது. குளிர் நாடுகளில் வெப்பமூட்டும் வசதியோ காப்பிட்ட அறையோ வேண்டும். பழைய கன்ட்ரோலரில் உள்ள ஈக்வலைசேஷனையும் வெப்பநிலைக்கேற்ற வோல்டேஜ் திருத்தத்தையும் அணைத்துவிட வேண்டும். அதன் வோல்டேஜ் கடைசி வரை ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்பதால், வோல்ட் மீட்டரைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. முதல் படியில் சொன்ன ஷன்ட் மானிட்டர் அப்போது இன்றியமையாததாகிறது. உள்ளிருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் மின்னணுச் சுற்று) தொடர்ச்சியாக எத்தனை ஆம்பியர் அனுமதிக்கிறது என்பதையும் இன்வெர்ட்டரின் உச்சத் தேவையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

எந்த வகையானாலும் பழையதையும் புதியதையும் ஒரே தொகுதியில் கலப்பதைத் தவிர்க்கவும். ஈய அமில பேட்டரியில் இது மிகத் தெளிவாகவே தெரியும்: சில மாதங்களில் புதியது பழையதன் நிலைக்கு இறங்கிவிடும்.

ஏழாம் படி: இன்வெர்ட்டர்

ஒரே நேரத்தில் ஓடக்கூடிய சுமைகளின் கூட்டுத்தொகையை முதலில் எடுத்து, அதோடு மிகப் பெரிய மோட்டாரின் தொடக்க உந்தலைச் சேர்க்கவும். சாதாரண இண்டக்‌ஷன் மோட்டார் தொடங்கும் நொடியில், ஓடும்போது எடுப்பதைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு ஆம்பியர் இழுக்கும். ஒரே ஒரு பம்ப்புக்காகப் பெரிய இன்வெர்ட்டர் வாங்க நேர்கிறது என்றால், பம்ப்பையே மாற்றுவது பற்றி யோசியுங்கள்: நேர்மின் பம்ப்போ, மெதுவாகத் தொடங்கும் டிரைவ் பொருத்திய பம்ப்போ போதும். தேவைக்கு மேல் பெரிய இன்வெர்ட்டர் தன் சும்மா இருக்கும் செலவால் நாள்தோறும் உங்களிடம் வரி வசூலிக்கும். மோட்டாரும் மின்னணுக் கருவிகளும் உள்ள வீட்டுக்கு, பொது மின்கட்டமைப்பைப் போன்ற சீரான அலை தரும் பியூர் சைன் வேவ் வகையே வேண்டும்.

எட்டாம் படி: கேபிள், ஃப்யூஸ், எர்த்

ஆம்பியர் கூடும் எந்த மேம்பாட்டிலும் கேபிளும் பாதுகாப்பும் கூடவே வளர வேண்டும். மாறுதிசை மின்சாரம் நொடிக்குப் பலமுறை சுழியைத் தொடுவதால் அதில் எழும் தீப்பொறி தானே அணைய வாய்ப்புண்டு. நேர்மின்சாரத்தில் அது விடாமல் எரியும். ஆகவே பேனல் பக்கமும் பேட்டரி பக்கமும் நேர்மின்சாரத்துக்கென மதிப்பிடப்பட்ட பிரேக்கர்களையே பயன்படுத்த வேண்டும். லித்தியம் பேட்டரி குறுக்குச் சுற்றில் ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டக்கூடியது; பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில், அத்தனை பெரிய மின்னோட்டத்தையும் துண்டிக்க வல்ல கிளாஸ் டி (Class T) போன்ற ஃப்யூஸ் இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றும் ஈய அமில பேட்டரிகள் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவிடும். காற்றில் 4 சதவீதத்தை எட்டினால் அது தீப்பற்றக்கூடும். அந்த அறைக்கு மேற்புறக் காற்றோட்டம் கட்டாயம். எர்த்திங், நியூட்ரல் இணைப்பு, இடிமின்னல் பாதுகாப்பு ஆகியவற்றை உங்கள் பகுதி விதிகளை அறிந்த உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் ஒப்படையுங்கள்.

ஒன்பதாம் படி: மாற்றும் வரிசை

பணம் ஒரே தவணையில் இல்லாதபோது வரிசை முக்கியமாகிறது. மானிட்டர், பிறகு தேவைக் குறைப்பு, பிறகு பேனலும் கன்ட்ரோலரும், கடைசியாக பேட்டரி என்று போவதே பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். பேட்டரி மட்டும் அலமாரியில் இருந்தாலும் மூப்படையும். தேவைக்கு முன்பே வாங்கி வைப்பதில் பயனில்லை. இன்வெர்ட்டர் மாற்றுவதானால் நான்காம் படியில் முடிவுசெய்த வோல்டேஜுக்கு உரியதையே வாங்கி, பேட்டரியோடு ஒரே நாளில் மாற்றும்படி திட்டமிடுங்கள்.

வேலை நாளன்று முதலில் சுமைகளை அணைத்து, அடுத்து பேனல் பிரேக்கரை அணைத்து, அதன் பின்னரே பேட்டரியைக் கழற்ற வேண்டும். பேட்டரி இல்லாமல் பேனல் மட்டும் இணைந்திருந்தால் பல கன்ட்ரோலர்கள் பழுதாகும். மீண்டும் இணைக்கும்போது பேட்டரி முதலில், பேனல் கடைசியில். வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்கும்வரை பேனல் வரிசையில் வோல்டேஜ் இருந்துகொண்டே இருக்கும் என்பதால், பிரேக்கரை அணைத்தாலும் பேனல் பக்கக் கம்பிகளைத் தொடக்கூடாது.

எல்லாம் ஓடத் தொடங்கிய பின், மானிட்டரில் புதிய கொள்ளளவையும் சார்ஜ் வோல்டேஜையும் பதிந்து, முதல் முறை பேட்டரி முழுதாக நிறைந்ததும் 100 சதவீதத்துக்கு ஒத்திசைத்துவிடுங்கள். ஒரு மாதம் கழித்து, சுமையையும் பேனலையும் அணைத்துவிட்டு, ஒவ்வொரு லக்கின் திருகையும் உற்பத்தியாளர் குறிப்பிட்ட இறுக்கத்துக்கு மீண்டும் முறுக்கிப் பாருங்கள். முழுச் சுமை ஓடும்போது ஏதேனும் ஓர் இணைப்பு மற்றவற்றைவிடச் சூடாக இருப்பதை வெப்பமானி காட்டினால், அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, மறுபடி பொருத்துங்கள்.